அத்தையின் கணினிக்கு வெற்றிலை பாக்கு வைத்தது

எங்கள் ஊரில் கணினியின் பாகங்களைக் கடையில் வாங்க முடியாது. அவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, முறைப்படி அழைக்க வேண்டும். குறித்த நாளில் அவர்களே பஸ் பிடித்து வந்து, கேபினெட்டுக்குள் ஏறி, அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். கடையில் கேபினெட் மட்டும் கிடைக்கும். ஆள் வராத கல்யாண மண்டபம் மாதிரி அது காலியாகத்தான் இருக்கும்.

கணினி பாதியில் நின்றுபோனால் வெளியூர்க்காரர்கள் வைரஸ் என்பார்கள், தூசி என்பார்கள். நாங்கள் “யாருக்கு மனக்குறை?” என்றுதான் கேட்போம். உள்ளே யாரோ ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவரைச் சமாதானப்படுத்தும்வரை, எதிரே உட்கார்ந்து என்ன தட்டினாலும் திரையில் அம்பு நகராது.

சொந்தத்தில் யாருக்குக் கணினி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என் பெயர் குற்றாலம்; குற்றாலத்துக்குப் பதவிசாகப் பேச வரும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. உண்மையில் எனக்கு வருவது, மற்றவர்கள் குறை சொல்லும்போது தலையாட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான். இந்தத் தொழிலுக்கு அது போதும்.

இந்த முறை கேட்டது ஆவுடையம்மாள் அத்தை. அப்பாவின் அக்கா. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் அவள் “சாப்பிட வாங்க” என்று சொன்னால், எந்தப் பிளாட்பாரம் என்று கேட்கத் தோன்றும். அத்தையின் ஒரே மகன் திருமலைக்கொழுந்து புனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் கணினியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்.

அத்தையின் பழைய கணினிக்குள் எல்லோருக்கும் எல்லோர் மேலும் வருத்தம். அதனால் அடிக்கடி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை கொட்டாவி விட்ட நேரம் பார்த்து நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்த அம்மாவை புனேயில் பார்த்துக்கொண்டிருந்தவன் பதறிப்போய் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தான். அவர்கள் மணியடித்துக்கொண்டு வந்து, முன்கதவு திறந்துதான் இருந்தது என்றாலும், பின்கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். அத்தை அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பின்கதவை அன்றிலிருந்து கொடிக்கயிற்றால் கட்டி வைத்திருக்கிறது.

“இன்னொரு தடவை படம் நின்னுதுன்னா லாரியோட வந்துருவேன்” என்று திருமலைக்கொழுந்து சொல்லிவிட்டான். “சாமானையும் ஏத்தி, உங்களையும் ஏத்திக்கிட்டுப் போயிருவேன்.”

அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“பூனாவுல உச்சி மாடியில இருக்கான். அங்க போயி நான் என்ன செய்ய? சண்டை போடக்கூட ஒரு ஆளு கிடையாது. இந்தத் தெருவுல எனக்கு மூணு சண்டை நடந்துக்கிட்டிருக்கு. பாதியில விட்டுட்டுப் போக முடியுமா?”

“முடியாது அத்தை.”

“நிக்காத கம்ப்யூட்டரு ஒண்ணு சேத்துக் குடு மருமவனே. பகட்டு வேண்டாம். நிக்கப்பிடாது, அம்புட்டுதான்.”

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வெற்றிலை மதர்போர்டு அம்மாளுக்கு. மற்ற எல்லோரும் அவர் மேல்தான் உட்காரப் போகிறார்கள் என்பதால் அவரை விட்டுவிட்டு ஒன்றும் நடக்காது. வடக்குத் தெருவில் அகலமான வீடு. குங்குமத்தை எடுத்துக்கொண்டு, வெற்றிலையைத் தொடாமல், “சமையல் யாரு?” என்று கேட்டார்.

“பவர் சப்ளை மாஸ்டரக் கூப்பிடலாம்னு இருக்கேன்.”

“நல்ல ஆளாப் பாத்துக் கூப்பிடுங்க. போன தடவை ஒரு வீட்டுல மலிவா ஒருத்தன் கிடைச்சாம்னு வச்சுட்டாவ. திடீர்னு வோல்டேஜக் கூட்டி ஊத்திட்டான். எனக்குப் புரையேறி ஒரு வாரம் பேச்சே வரல.”

நல்ல ஆளாகத்தான் பார்த்திருந்தேன். கனத்த உடம்பு, நிதானமான கை. யார் எவ்வளவு கேட்டாலும், கேட்டதற்கு மேலும் வைக்க மாட்டார், குறைத்தும் வைக்க மாட்டார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் மதர்போர்டு அம்மாள் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

பிராசசரைக் கோபக்காரர் என்று ஊர் சொல்லும். அது சரியில்லை. யோசிக்க ஆரம்பித்தால் அவருக்கு உடம்பு காயும், அவ்வளவுதான். பக்கத்தில் அவர் சம்சாரம் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். தம்பதியாக அழைத்தேன். நினைவகக்காரர்களான ராம் இரட்டையர்களை அழைப்பது வேறு விதம். ஒருவரை மட்டும் அழைத்தால் இருவருமே வரமாட்டார்கள். தூங்கி எழுந்தால் இருவருக்கும் எல்லாம் மறந்துவிடும். அதனால் முதல் நாள் அழைத்துவிட்டு, விசேஷத்தன்று காலையில் மறுபடியும் போய் அழைக்க வேண்டும். அப்படிப் போனபோது, “முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா” என்று இருவரும் வருத்தப்பட்டுக்கொண்டார்கள். தப்புதான் என்று தலையாட்டினேன்.

ஹார்ட் டிஸ்க் அண்ணாச்சி பழைய கணினிக் காலத்திலிருந்தே அத்தை வீட்டில் இருப்பவர். திருமலைக்கொழுந்துக்கு மொட்டை போட்ட படத்திலிருந்து எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன. வீட்டோடு இருப்பவர்தானே என்று விட்டுவிட முடியாது. அவர் அறைக்கு வெளியே நின்று, கதவைத் தட்டி, தாம்பாளத்தோடு உள்ளே போனேன். ஒரு மொட்டையின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வெற்றிலையை எடுத்தார்.

கிராபிக்ஸ் கார்டு வீட்டுக்குப் போக வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். “அவுக வந்தா ரெண்டு ஆளு இடத்த அடைச்சிக்கிட்டு, பந்தியில பாதியக் காலி பண்ணிருவாவ. எம்புள்ள மூஞ்சி தெரிஞ்சாப் போதும் எனக்கு.” அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம் வேண்டாம். எங்கள் ஊரில், அழைக்காத வீட்டுக்காரர்கள் கோபிப்பதில்லை. அழைத்த வீட்டில் ஒருவரை விட்டால்தான் கோபம்.

இந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

மதர்போர்டு அம்மாள் வீட்டுப் பின்கட்டில் அவருடைய சித்தப்பா ஒருவர் இருந்தார். பேட்டரி அண்ணாச்சி. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் அவர் வேலை. மின்சாரம் போனாலும், எல்லோரும் தூங்கினாலும், அவர் ஒருவர் மட்டும் விழித்திருந்து இன்றைக்கு என்ன தேதி, மணி என்ன என்பதை விடாமல் எண்ணிக்கொண்டிருப்பார். “சித்தப்பாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்று அம்மாள் சொல்லத்தான் செய்தார். எட்டிப் பார்த்தேன். அவர் குளிக்கப் போயிருந்தார். எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. வழியில் நின்று வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூப் படமும், “தாங்கள் அவசியம் வரவும்” என்ற வாசகமும் அனுப்பிவைத்தேன். பதிலுக்குக் கும்பிடு போட்ட கை மட்டும் வந்தது. எங்கள் ஊரில் வெறும் கும்பிடு நல்ல சகுனம் இல்லை.

மகனிடம் அத்தை போனில் விஷயத்தைச் சொன்னாள்.

“புதுக் கம்ப்யூட்டரு வருதுல்லா. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுதோம்.”

அவன் “சரி” என்றானாம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் “சரி” என்றானாம்.

“நல்லாப் பேசினான்” என்றாள் அத்தை.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். பிராசசருக்கு பஸ்ஸில் வந்த அலுப்பு. சம்சாரம் விசிறிக்கொண்டே கூட்டி வந்தார். ராம் இரட்டையர்கள் எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்டார்கள். ஹார்ட் டிஸ்க் அண்ணாச்சி படங்களை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு அறையிலிருந்து கூடத்துக்கு வந்தார். மதர்போர்டு அம்மாள் முதலில் உள்ளே போய் உட்கார, மற்றவர்கள் வரிசையாக ஏறினார்கள். மேலே ஒரு இடத்தைக் காலியாக விட்டேன். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். கடைசி நேரத்தில் யாராவது வருவார்கள்.

பவர் சப்ளை மாஸ்டர் இலை போட்டுப் பரிமாறினார். பால் பொங்கியது. அத்தை பொத்தானை அழுத்தினாள். கணினி ஓடியது.

திரையின் மூலையில் தேதி வந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் நாள்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“அப்பம் உங்க மாமா இருக்காவளா?”

“அந்த வருசம்னா இருப்பாவ அத்தை.”

அவள் அடுப்படிக்குப் போய் இன்னொரு டம்ளரில் காபி ஆற்றிக்கொண்டு வந்து, மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். மாமா கடைத்தெருவுக்குப் போயிருப்பார், வரும் நேரம்தான் என்று இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வருவதற்குள் அம்பு நின்றுவிட்டது. கணினி அசையவில்லை. அத்தை இரண்டு டம்ளர் காபியையும் தானே குடித்தாள். இரண்டாவதை மெதுவாகக் குடித்தாள்.

நான் பக்கக் கதவின் திருகுகளைக் கழற்றி, உள்ளே தலையை நீட்டி, “யாருக்கு மனக்குறை?” என்று கேட்டேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்த உடனே சொல்லவும் கூடாது. இரண்டாம் தடவை கேட்டேன். பிராசசர் தனக்கு ஒன்றும் இல்லை, காபியில்தான் சர்க்கரை குறைவு என்றார். ராம் இரட்டையர்கள் தங்களுக்கு ஒரு வருத்தம் இருந்தது உண்மைதான் என்றும், என்ன என்றுதான் நினைவில்லை என்றும் சொன்னார்கள். பவர் சப்ளை மாஸ்டர் மட்டும் கரண்டியால் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு சின்ன இலை, பரிமாறியது பரிமாறியபடி இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

“சித்தப்பா வரல” என்றார் மதர்போர்டு அம்மாள். “வந்தமாதிரி வாசல்வரைக்கும் வந்து, எல்லாரும் பாக்கும்படியாத் திரும்பிப் போயிட்டாவ. நீங்க மாலை கட்டிக்கிட்டு இருந்தீய. ஒரு மனுசன் கோவிச்சுட்டுப் போறதப் பாக்காம இருக்கதும் ஒரு தப்புதான்.”

எங்கே போயிருப்பார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போவார்கள்.

பேட்டரி அண்ணாச்சி கடைசி பெஞ்சில், மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். நான் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

“எந்த பஸ்ஸுக்கு அண்ணாச்சி நிக்கீய?”

“எது வந்தாலும் ஏறிருவேன்.”

சங்கரன்கோவில் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

“கூட்டமா இருக்கு” என்றார். உள்ளே கண்டக்டர் மட்டும் இருந்தார்.

“தப்பு எம்பேர்லதான் அண்ணாச்சி.”

“தப்புன்னு நான் சொன்னேனா? நான் வாயவே தொறக்கல. நான் சின்ன ஆளு. எனக்கு எதுக்கு வெத்தலை, தாம்பாளம்? போன்ல ஒரு ரோஜாப்பூ அனுப்பினாப் போதும்லா. வாசம் அடிக்குதான்னு மோந்துகூடப் பாத்தேன்.”

“வாங்க, போவோம்.”

“பஸ் ஸ்டாண்டுல வச்சுக் கூப்பிட்டா வந்துருவாங்களா? எனக்குன்னு வீடு இல்லையா?”

நியாயம்தான். அவர் எழுந்து பையைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரியே வடக்குத் தெருவரை வந்தோம். அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கும்வரை தெருமுனையில் நின்றேன். பிறகு போய்த் தட்டினேன்.

“யாரு?”

“நான்தான், குத்தாலம்.”

கதவைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “அடடே, வாங்க வாங்க. என்ன இம்புட்டுத் தூரம்?”

“அண்ணாச்சியப் பாத்து ஒரு விசயம் சொல்லலாம்னு வந்தேன்.”

மோர் கொடுத்தார். குடித்தேன். ஊர் மழை நிலவரம் பேசினோம். அதன் பிறகுதான் தாம்பாளத்தை நீட்டி, அத்தை வீட்டில் கணினி வைக்கிறோம், கூட வந்திருந்து நடத்தித் தர வேண்டும் என்று சொன்னேன். அவர் வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “வரப் பாக்கேன்” என்றார். எனக்கு உயிர் வந்தது. எங்கள் ஊரில் “கண்டிப்பா வாரேன்” என்று சொல்பவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

ஆட்டோவில் கூட்டி வந்தேன். அவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கேபினெட்டுக்குள் அவர் தன் இடத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டதும் அம்பு நகர்ந்தது. தேதி இன்றைய தேதி ஆனது. அத்தை அதைப் படித்துவிட்டு, மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

பேட்டரி அண்ணாச்சியைத் தாண்டிப் போகும்போதும் வரும்போதும் மணி என்ன என்று கேட்டுவைக்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை புரிந்துகொண்டாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை தலைவாரி நல்ல புடவை கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் தாம்பாளத்தோடு பக்கத்தில் நின்றேன். திருமலைக்கொழுந்தின் முகம் வந்தது. இவ்வளவு தெளிவாக அவனை நாங்கள் பார்த்ததே இல்லை. காதோரம் நரைத்திருப்பதுகூடத் தெரிந்தது.

“கம்ப்யூட்டரு நல்லாருக்கேம்மா.”

“எல்லாம் குத்தாலம் பார்த்துச் செஞ்சதுல்லா. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயி வெத்தலை வச்சிருக்கான். ஒரு பேட்டரி, இத்தினிக்காண்டு இருக்காவ, அவுகளுக்குக்கூட நேர்ல போயி அழைச்சுக் கூட்டிட்டு வந்தோம்.”

திருமலைக்கொழுந்து “சரி” என்று சொல்ல வாயெடுத்தான். அப்படியே நின்றுவிட்டான். பார்வை கீழே, உதடு பாதி திறந்தபடி.

நான் பக்கக் கதவைத் திறந்தேன். “யாருக்கு மனக்குறை?”

“இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல” என்றார் மதர்போர்டு அம்மாள். பிராசசர் காபி இப்போது சரியாக இருக்கிறது என்றார். “மணி நாலே கால்” என்றார் பேட்டரி அண்ணாச்சி, யாரும் கேட்காமலே. அத்தை தலையை ஆட்டினாள், கையை ஆட்டினாள். மூலையில் தெரிந்த அவளுடைய படமும் ஆட்டியது. நின்றது எங்கள் பக்கம் இல்லை.

“அப்பம் அங்கதான்” என்றாள் அத்தை. நின்றுபோன மகனின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் போலத் தீயணைப்பு வண்டிக்கெல்லாம் சொல்லியனுப்பவில்லை.

ஆனாலும் படம் நின்றது நின்றதுதான். எந்தப் பக்கம் நின்றது என்று லாரி பார்க்காது. அத்தை அடுத்த நாளே மூன்று சண்டைகளையும் முடித்து வைக்கப் பார்த்தாள். எதிராளிகள் மூன்று பேரும் சம்மதிக்கவில்லை. இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது என்றார்கள். அத்தை திரும்பி வந்து, என்ன சாமானை எடுத்துக்கொள்வது, எதை விட்டுப் போவது என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உப்பு ஜாடியைக் கையில் எடுப்பாள், வைத்துவிடுவாள். எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

பேட்டரி அண்ணாச்சி சாயங்காலம் கொஞ்சம் காலார நடந்துவிட்டு வருவார். அந்த நேரம் கணினியை யாரும் போடுவதில்லை. புதன்கிழமை அப்படிப் போனவர் விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

“பஸ் ஸ்டாண்டுல ஒரு லாரி நிக்கி. பூனா லாரி. எம்பெஞ்சுல ஒருத்தன் உக்காந்திருக்கான். எந்த பஸ்ஸுலயும் ஏற மாட்டேங்கான்.”

அத்தை உடனே எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, தாம்பாளத்தில் புது வெற்றிலை அடுக்கி எடுத்துக்கொண்டு நடந்தாள். நானும் போனேன்.

திருமலைக்கொழுந்து பெஞ்சில் இருந்தான். காலடியில் கடலைத் தோல் ஒரு குவியல். பக்கத்தில் லாரி, வெறும் லாரி. ஓட்டுநர் நிழலில் படுத்திருந்தார்.

“எப்பம் வந்த?” என்று கேட்டாள் அத்தை.

“இப்பம்தான்.”

“வீட்டுக்கு வரலையா?”

“யாரு கூப்பிட்டா?”

அவன் கடலை ஒன்றை உடைத்தபடி பேசினான்.

“பால் காய்ச்சுதோம்னு சொன்னீய. வான்னு சொன்னீயளா? பேட்டரிக்கு நேர்ல போவீய. அது பொத்தான் அளவு. நான் எம்புட்டு இருக்கேன்?”

தென்காசி பஸ் வந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. அது போனதும் அத்தை பேசினாள். அறிவிப்புக் குரலில் இல்லை, சாதாரணக் குரலில்.

“வான்னா வந்துருவ. வந்தாக் கூட்டிட்டுப் போயிருவ. அந்தப் பயத்துலதான் உன்னைய வான்னு சொல்லவே இல்ல. அதான் நெசம்.”

“நான் உங்களப் பயமுறுத்தவா லாரி கொண்டுவாரேன்? ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை படம் நிக்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும்?”

“எனக்கும் இந்த ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுட்டு” என்றாள் அத்தை.

பிறகு அத்தை தாம்பாளத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

“பஸ் ஸ்டாண்டுல வச்சுக் கூப்பிட்டா உனக்கு மரியாதை இல்ல. உன் வீட்டு வாசல்ல வந்து கூப்பிடுதேன். உன் வீடு எங்க இருக்குன்னு சொல்லு.”

அவன் புனே என்று சொல்லிவிட்டால் அத்தை லாரியில் ஏறித்தான் ஆக வேண்டும். அதுதான் முறை. முறையை மாற்ற நான் யார்? ஓட்டுநரும் எழுந்து, லாரியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். திருமலைக்கொழுந்து அம்மாவைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். இன்னொரு பஸ் வந்து போனது.

அவன் எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு, லாரிக்கு எதிர்ப்பக்கமாக நடந்தான். நாங்கள் பின்னால் நடந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரியே எங்கள் தெருவரை வந்தோம். அவன் சந்துக்குள் திரும்பினான். பின்கதவின் கொடிக்கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. முன்கதவை உள்ளேயிருந்து சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

அத்தை தன் வீட்டு வாசலில், வெளியூரிலிருந்து வந்தவள் மாதிரி, புடவையை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தட்டினாள்.

“யாரு?”

“நான்தான், ஆவுடை.”

கதவு திறந்தது. “வாங்கம்மா, வாங்க. என்ன இம்புட்டுத் தூரம்?”

“சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்.”

உள்ளே போய் உட்கார்ந்தோம். அவன் அடுப்படிக்குப் போய், எந்தப் பானையில் மோர் இருக்கும் என்று தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அத்தை குடித்துவிட்டு, சுவரையும் மேற்கூரையையும் சுற்றிப் பார்த்தாள்.

“வீடு நல்லாருக்கு. காத்து நல்லா வருது.”

“ஏதோ இருக்கோம்மா” என்றான் திருமலைக்கொழுந்து.

மழை நிலவரம் பேசினார்கள். அதன் பிறகு அத்தை எழுந்து நின்று தாம்பாளத்தை நீட்டினாள். “எங்க வீட்டுல கம்ப்யூட்டரு வச்சிருக்கோம். நீ வந்து, கூட இருந்து, நடத்தித் தரணும்ப்பா.”

அவன் வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“வரப் பாக்கேன்” என்றான்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் மோர் டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மோரில் உப்பு கொஞ்சம் அதிகம் என்பது வேறு விஷயம்.

லாரி ஓட்டுநரை யாரும் அழைத்திருக்கவில்லை. அதனால் அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனார். திருமலைக்கொழுந்துக்குக் கணினியில்தான் வேலை. இனிமேல் அதற்குள்ளேயே இருந்து பார்க்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டான். அதற்கென்ன என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலையே அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பக்கவாட்டில் திரும்பி, கேபினெட்டுக்குள் காலியாக விட்டிருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தான். முழங்கால் கொஞ்சம் இடித்தது. “நல்லா நீட்டி உக்காருப்பா, நம்ம வீடுதான்” என்றார் மதர்போர்டு அம்மாள். ஹார்ட் டிஸ்க் அண்ணாச்சி மூட்டையை அவிழ்த்து அவனுடைய மொட்டைப் படத்தை எடுத்துக் காட்டினார். பிராசசரின் சம்சாரம் விசிறியைக் கொஞ்சம் அகலமாக வீசத் தொடங்கினார். பவர் சப்ளை மாஸ்டர் இன்னொரு இலை போட்டார். நான் கதவை வைத்துத் திருகுகளை முடுக்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை தலைவாரி நல்ல புடவை கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மணி அடித்தது. திருமலைக்கொழுந்தின் முகம் வந்தது. படம் நிற்கவில்லை, நடுங்கவில்லை.

“இளைச்சிட்டியே” என்றாள் அத்தை.

“கிட்டக்க இருந்து பேசுதம்லா. அப்படித்தான் தெரியும்.”

“சாப்பிட்டியா?”

“பந்தியில உக்காந்திருக்கேம்மா. ஊறுகாதான் இல்ல.”

அத்தை என்னைப் பார்த்தாள். நான் திருகுகளைக் கழற்றி, எலுமிச்சை ஊறுகாயை உள்ளே கொடுத்தேன். தங்களுக்கும் இன்னும் வைக்கவில்லை என்று ராம் இரட்டையர்கள் விரலை நக்கிக்கொண்டே சொன்னார்கள், அவர்களுக்கும் வைத்தேன். பிறகு பேட்டரி அண்ணாச்சியிடம் மணி கேட்டுவிட்டுக் கதவை மூடினேன்.